ஓயாதது, அறாதது, வற்றாதது
(திருப்பூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



அழைப்பிதழ் அச்சடிக்கத் தலைப்புக் கேட்டார்கள். 'நிற்காதவற்றைக் குறிக்கும் சொற்கள்: ஆங்கிலமும் தமிழும்' என்றேன். பனியன் ஊரில் இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நண்பர் ஒருவர் தயங்கினார். இந்த ஊரில்தான் பேசுவேன் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் என் சின்னம்மா.

சின்னம்மா பத்தொன்பது வருடம் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். காலை எட்டரைக்குப் போனால் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். வீடு திரும்ப ஒன்பது தாண்டும். அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு தீபாவளிக்கும் போனஸோடு கணக்கை முடித்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்ததும், புதிதாகச் சேர்ந்தவர்போலப் பெயரை எழுதிக்கொள்வார்கள். முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டபோது, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை தனக்கு உண்டா என்று கேட்டார். ஆபீஸில் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "அதுக்கு இடைவிடாம அஞ்சு வருசம் வேலை செஞ்சிருக்கோணுங்க்கா. உங்களுக்குத்தான் வருசா வருசம் பிரேக் இருக்குதுங்களே."

சின்னம்மா நம்பினார். நானும் நம்பினேன். கல்லூரியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த நான், 'இடைவிடாமல்' என்ற சொல் காதில் விழுந்ததும், ஆமாம், இடை விட்டுத்தானே இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காக 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தை ஆங்கில மூலத்தில் படித்தேன். அங்கே இருந்த சொல்லுக்கும் அந்த ஆபீஸில் சொன்ன சொல்லுக்கும் நடுவே என் சின்னம்மாவின் பணம் விழுந்து கிடந்தது. இன்றைய பேச்சு முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நிற்காமையைக் குறிக்கும் எந்தச் சொல்லும் மொத்தமாக 'நிற்காது' என்று சொல்வதில்லை. ஏதோ ஒருவகை நிற்றலைக் குறிவைத்து, அது இங்கே இல்லை என்கிறது. எந்த நிற்றலை மறுக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் சொற்கள் தனித்தனியே பிரியும். கேட்காமல் ஒன்றன் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் யாருக்கோ நட்டம் வரும்.

1

முதலில் ஆங்கிலம். கன்டினியுவஸ், கன்டினியுவல் என்ற இரண்டும் 'சேர்த்துப் பிடித்தல்' என்ற ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ஆனால் கவனமாக எழுதுகிறவர்கள் இவற்றைப் பிரித்தே ஆளுகிறார்கள். கன்டினியுவஸ் என்றால் நடுவில் ஓர் இழைகூட இடைவெளி கிடையாது. கன்டினியுவல் என்றால் விட்டு விட்டு வரும், ஆனால் வருவது நிற்காது. குழாயில் ஒழுகும் நீர் முதல் வகை. பக்கத்து வீட்டு நாயின் குரைப்பு இரண்டாம் வகை.

இது பண்டிதர்களின் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரின் ஏற்றுமதி நிறுவனங்கள் பலவற்றில் வாசல் சுவரிலேயே ஐஎஸ்ஓ 9001 தரக்கொள்கை மாட்டியிருக்கும். அந்தத் தர ஆவணத்தில் மேம்பாட்டுக்கு முன்னால் நிற்கும் சொல் கன்டினியுவல். 'திரும்பத் திரும்ப நிகழும் செயல்பாடு' என்றே அதற்கு விளக்கமும் தந்திருக்கிறார்கள். ஒரு குறையைக் கண்டு திருத்துகிறோம், கொஞ்ச நாள் அப்படியே ஓட்டுகிறோம், மறுபடி பார்த்து மறுபடி திருத்துகிறோம். மூச்சுவிடாமல் முன்னேறு என்று அந்த ஆவணம் யாரையும் கேட்கவில்லை. நம் சுவர்களில் சில இடங்களில் அது 'இடைவிடாத முன்னேற்றம்' என்று தமிழாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தமிழை லைன் சூப்பர்வைசர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதைத் தையல் மேஜையில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்செசன்ட் என்பதில் எரிச்சல் கலந்திருக்கும். நிற்கக்கூடாதா என்று கேட்பவர் நினைப்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. பெரெனியல் ஆண்டுகளின் ஊடாக வருவது. ஆற்றுக்கும் செடிக்கும் ஆகும். பெர்மனென்ட் கடைசிவரை தங்குவது. பெர்பெச்சுவல் முடிவுத் தேதி இல்லாதது. வழக்குமன்றத் தடையாணைகளில் அதைக் காணலாம்.

2

நம்முடைய நிகண்டுகள், திவாகரம் தொடங்கி, ஒரு பொருளுக்குரிய பல சொற்களை ஒரே கூடையில் போட்டுத் தந்தன. மனப்பாடம் செய்ய அது நல்ல ஏற்பாடு. ஆனால் கூடையில் இருப்பவற்றை எடுத்து ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.

ஆங்கிலத்தில் லத்தீன் வேரைத் தோண்டினால்தான் தெரிவது, தமிழில் சொல்லின் மேல்தோலிலேயே தெரிகிறது. ஓயாத, விடாத, அறாத, வற்றாத, தீராத, மாளாத. எல்லாமே எதிர்மறைப் பெயரெச்சங்கள். ஒவ்வொன்றும் நிற்றலைக் குறிக்கும் ஒரு வினையைச் சொல்லி, பிறகு 'ஆ' என்ற எதிர்மறையால் அதை மறுக்கிறது. ஓயா, அறா, வற்றா என்று ஈறு கெட்டு வரும்போதும் உள்ளே அந்த வினை அப்படியே இருக்கிறது. அதனால் தமிழில் ஒரு பொருள் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அது எப்படி நிற்கக்கூடியது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். ஓய்வது களைப்பால் நிற்பது. அறுவது இழுவையால் நிற்பது. வற்றுவது ஊற்று இல்லாமல் நிற்பது. தீர்வது கையிருப்பு முடிந்தோ கணக்கு முடிந்தோ நிற்பது. விடுவது மட்டும் ஒருவர் செய்ய வேண்டிய செயல். கையைத் திறந்தால்தான் விட முடியும்.

1932 ஜனவரியில் தடியடிபட்டு உயிர்விட்ட குமரனைக் 'கொடி காத்த' என்ற அடைமொழியோடு சொல்கிறோம். நடந்ததைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது 'கொடியை விடாமல்' என்றுதான் நம் வாயில் வருகிறது. 'ஓயாமல்' அங்கே பொருந்தாது. இந்த ஊரில் ஒரு சிலையே அந்த வினைக்குச் சான்றாக நிற்கிறது.

'இடைவிடாத' என்பதற்கும் 'இடையறாத' என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுதான். முன்னதில் இடைவெளி விடக்கூடிய ஒருவர் இருக்கிறார், அவர் விடவில்லை. பின்னதில் இடையில் தானாக அறக்கூடிய ஒன்று இருக்கிறது, அது அறவில்லை. முதல் சொல்லில் ஒரு கட்டாயம் இருக்கிறது, இரண்டாவதில் ஓர் உறுதி.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நில் என்ற வினைக்கே தமிழில் இரண்டு முகம். காலூன்றி இருப்பதும் நிற்பது, ஓட்டம் முடிவதும் நிற்பது, வேலையிலிருந்து விலகுவதும் 'நின்னுட்டேன்'. செக்கிங் மேஜைக்கு நாற்காலி கிடையாது. பத்தொன்பது வருடம் நின்றுகொண்டே நிற்காமல் வேலை செய்த ஒருவர், கடைசியில் நின்றுவிட்டார்.

3

நிட்டிங் ஆலைக்குள் போய் நில்லுங்கள். முப்பது அங்குல டயா சிங்கிள் ஜெர்சி மிஷின் ஒன்றில் தொண்ணூறு ஃபீடர் என்கிற நூலூட்டி இருக்கும். அப்படியானால் தொண்ணூறு கோன், தொண்ணூறு நூல். ஒவ்வொரு நூலும் ஸ்டாண்டிலிருந்து மேலேறி, குழாய்க்குள் நுழைந்து, சக்கரத்தில் சுற்றி, ஊசிக்கு வருகிறது. ஊசிகள் அலைபோல ஏறி இறங்க, கீழே துணி குழாயாக இறங்கிச் சுருள்கிறது. நெசவில் பாவு ஓடும், ஊடை குறுக்கே போய்த் திரும்பும். பின்னலில் அது கிடையாது. ஒவ்வொரு நூலும் சுற்றிச் சுற்றி, கண்ணிமேல் கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகிறது.

இப்போது ஒரு நூல் அறுகிறது. அதைத் தாங்கியிருந்த சின்னக் கம்பி சாய்கிறது, சிவப்பு லைட் எரிகிறது, மிஷின் அப்படியே நிற்கிறது. ஓட்டுகிறவர் லைட்டைப் பார்த்து நடந்து வந்து, அறுந்த முனைகளைப் பிடித்து முடிச்சுப் போட்டு, பட்டனை அழுத்துகிறார். லைட் எரியாமல் மிஷின் ஓடியிருந்தால் துணியில் ஓட்டை விழுந்திருக்கும். அந்த ஓட்டையை நான்கு நாள் கழித்துச் சின்னம்மா மேஜையில் கண்டுபிடித்திருப்பார்.

கோன் தீர்வது வேறு கதை. தீரப்போகும் கோனின் வாலை, பக்கத்தில் காத்திருக்கும் புதுக்கோனின் தலையோடு முன்கூட்டியே முடிந்து வைத்திருப்பார்கள். பழையது தீரும்போது புதியது தானாக இழுபடும். மிஷினுக்குத் தெரியாது. கோன் தீர்ந்தது, நூல் அறவில்லை. கோனைப் பார்த்தால் விட்டு விட்டு வருவது, நூலைப் பார்த்தால் இடையறாதது. கன்டினியுவலும் கன்டினியுவஸும் ஒரே ஸ்டாண்டில் முடிச்சுப் போட்டு நிற்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

'மிஷின் ஓயாம ஓடுது' என்றும் அங்கே சொல்கிறார்கள். அதைச் சொல்பவர் எப்போது சொல்கிறார் என்று கவனித்திருக்கிறேன். இரவு ஷிப்ட்டில், விடியற்காலை மூன்று மணிக்குமேல். இரும்புக்குக் களைப்பு கிடையாது. தன் காலில் உள்ள ஓய்ச்சலை எடுத்துத்தான் அவர் மிஷினுக்கு அந்தச் சொல்லை வைக்கிறார்.

4

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பணிக்கொடைச் சட்டம் கேட்டது ஐந்து ஆண்டு கன்டினியுவஸ் சர்வீஸ். முதல் பகுதியில் நான் சொன்ன இலக்கணப்படி, அதில் ஓர் இழைகூட இடைவெளி இருக்கக்கூடாது. ஆபீஸில் இருந்தவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், அகராதியும் அதைத்தான் சொல்லும். ஆனால் சட்டம் தன் சொல்லுக்குத் தானே பொருள் எழுதிக்கொண்டது. தடைபடாத பணி என்று தொடங்குகிறது. அடுத்த மூச்சில், நோய், விபத்து, விடுப்பு, லே-ஆஃப், வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் குற்றமில்லாமல் வேலை நின்றது ஆகியவற்றால் தடைபட்ட பணியும் அதில் அடங்கும் என்கிறது. தடைபட்டாலும் தடைபடாதது! ஆங்கிலப் பேராசிரியர் திருத்தினால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஆனால் ஒரு தொழிலாளியின் வாழ்க்கை எப்படி ஓடும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய வாக்கியம் அது.

அதுவும் போதாமல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அந்த ஆண்டு கன்டினியுவஸ்தான் என்றும் சேர்த்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25பி பிரிவும் இதே வார்ப்பு. அங்கே வேலைநிறுத்தம் சட்டவிரோதமாக இருக்கக்கூடாது என்ற சொல்லும் இருந்தது. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலையை நிறுத்திய ஊர் இது. அந்த ஒரு வரியின் எடை இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். இந்தச் சட்டங்களெல்லாம் இப்போது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. ஆனாலும் தொழிலாளி காதில் பதிந்த எண் இன்னும் 240தான்.

அப்படியானால் இந்தச் சட்டச் சொல்லுக்குத் தமிழ் என்ன? 'இடைவிடாத பணி' தவறு. அது எல்லா இடைவெளியையும் மறுக்கிறது. மறுப்பதோடு, இடையை விட்டது நீதானே என்று தொழிலாளியையே சுட்டுகிறது. தீபாவளிக்குக் கணக்கை முடித்தது கம்பெனி, சின்னம்மா அல்ல. என் பரிந்துரை 'தொடர்பணி'. தொடர் என்றால் சங்கிலி. சங்கிலியில் ஒவ்வொரு வளையத்துக்கு நடுவிலும் வெளி இருக்கிறது, அந்த வெளி இருப்பதால்தான் வளையங்கள் கோத்துக்கொள்கின்றன. இழுத்துப் பார்த்தால் வருகிறதா என்பதே கேள்வி. சட்டம் கேட்பதும் அதைத்தான். 'விடுப்பு' என்ற சொல்லும் விடு என்ற வினையில் பிறந்ததே. விடுப்பு எடுத்தால் பணி விட்டுப்போகாது என்பதை இடைவிடாமையை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது? சங்கிலியை வைத்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

5

பெர்மனென்ட் என்பதற்கு நிரந்தரம் என்கிறோம். 1981இல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் தொடர்பணி செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நிரந்தரம் வடசொல். நிர், அந்தரம். அந்தரம் என்றால் இடைவெளி. இடைவெளி இல்லாதது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். இந்தியில் இன்றும் நிரந்தர் என்றால் தொடர்ச்சியாக என்று பொருள். நாம் சொல்லும் நிரந்தரத்துக்கு அவர்கள் ஸ்தாயீ என்பார்கள். இன்று நம் கம்பெனிகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் தைக்கிறார்கள். 'உன்னை நிரந்தரமாக்குகிறேன்' என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால், இந்தி பேசும் பையன் காதில் 'உனக்குத் தொடர்ந்து வேலை' என்று விழலாம். ஒன்று உரிமை, மற்றது வேலைப்பளு. இரண்டையும் ஒரே ஒலி சுமக்கிறது. விதிகளை எழுதி ஒட்டும் பலகைகளில் இந்தி வரியும் வரத் தொடங்கியிருக்கும் இந்த ஊரில், இதைக் கவனிக்க ஒருவராவது வேண்டும்.

நமக்கு 'நிலை' இருக்கிறது. நிலையான வேலை, நிலைத்த ஆள். நில் என்ற வினையின் முதல் முகம், காலூன்றுதல்.

6

கடைசியாகப் பெரெனியல். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இந்தச் சொல் இருந்தது. ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யலாமா என்று அரசு ஆராயும்போது, அந்த வேலை பெரெனியல் தன்மையுடையதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆற்றுக்கு வைத்த சொல்லை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். தமிழில் வற்றாத வேலை என்றே சொல்லலாம். ஆள் வருவார், போவார், காண்ட்ராக்டர் மாறுவார், பீஸ் மேஜைக்கு வருவது வற்றுகிறதா என்று பார். ஆர்டர் குறைந்து வேலை டல் அடிக்கும் மாதங்கள் உண்டு. செக்கிங் இல்லாமல் பெட்டி கட்டிய மாதம் இந்த ஊரில் ஒன்றாவது உண்டா?

வற்றாத என்ற சொல்லை நொய்யலின் கரையில் நின்று சொல்லும்போது மனம் கனக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் இந்த ஆறு ஒருநாளும் ஜீவநதி அல்ல. மழையை நம்பிய ஆறு. வற்றுவது அதன் இயல்பு. கோடையில் மணல் தெரியும், மழைக்கு மீண்டும் ஓடும். ஆற்றுக்கு அது ஓய்வு. நகரம் வளர்ந்தபின் அந்த ஓய்வு போயிற்று. கோடையிலும் ஏதோ ஒன்று ஓடியது. பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்புக் கொட்ட வேண்டும். சாயம் துணியோடு போகிறது, உப்பு நீரோடு வருகிறது. அந்த நீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணை உழவர்கள் அஞ்சும் அணையானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தது. நீரைச் சவ்வில் வடித்தும் காய்ச்சியும் மீட்டுவிடுகிறார்கள். பெரிய சாதனை, இந்த ஊர் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. ஆனால் அடியில் கலவை உப்பு மிஞ்சுகிறது. மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதற்குச் சொல் 'தீராதது'. வற்றாதது என்றால் மகிழ்ச்சி, தீராதது என்றால் பாரம். தீராத நோய், தீராத கடன், தீராத பழி எல்லாவற்றிலும் இதே எடை. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுத் தப்பிக்கலாம், தமிழில் முடியாது.

7

சின்னம்மாவிடம் திரும்புகிறேன்.

ஷிப்ட் கணக்கு எழுதும் பழக்கம் இந்த ஊர்ப் பெண்களில் பலருக்கு உண்டு. சனிக்கிழமை சம்பளம் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். சின்னம்மாவின் நோட்டுகளில் பதினொன்று பிழைத்திருக்கின்றன. போன மாதம் அவற்றைக் கேட்டு வாங்கி வந்து, இரண்டு இரவு உட்கார்ந்து எண்ணினேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் 1, அல்லது 1½. வேலைக்குப் போகாத நாளில் காரணம்.

ஓர் ஆண்டில் 288 நாள். இன்னோர் ஆண்டில் 271. எல்லாவற்றிலும் குறைந்த ஆண்டில் 246. அந்த ஆண்டின் ஆவணி மாதப் பக்கத்தில் பென்சிலில் வரிசையாக எழுதியிருக்கிறார்: காச்சல், காச்சல், காச்சல், கரண்ட் இல்ல, காச்சல், பீஸ் வரல. ஐப்பசியில் பதினான்கு கட்டத்துக்குக் குறுக்கே ஒரே கோடு இழுத்து, 'கம்பெனி லீவு'.

நோட்டை அவர் முன்னால் வைத்து, சட்டத்தில் உள்ளதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். காய்ச்சலுக்கு ஒரு சொல் அங்கே இருக்கிறது. பீஸ் வராததற்கு இருக்கிறது. அந்தப் பதினான்கு கட்டத்துக்கும் இருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐப்பசிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் நின்னதாக் கணக்கில்லையா கண்ணு?"

"இல்லீங் சின்னம்மா. நின்னதாக் கணக்கில்லை."